துன்பம் நம்மை எழுப்புகிறதா, புரண்டு படுக்க வைக்கிறதா?

அத்திமர நிழல் (இழையைத் தொடங்கியவர்)

அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். அடுத்த மாதம் எங்கள் வேதபாட வகுப்பில் 119-ஆம் சங்கீதத்தின் 65 முதல் 72 வரையுள்ள வசனங்களை நான் நடத்த வேண்டும். "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது, அதினால் உமது பிரமாணங்களைக் கற்றுக்கொள்ளுகிறேன்" என்ற வசனம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் ஆறுதல் கடிதங்களில் யோசிக்காமல் எழுதிவந்த வசனம். அதை விளக்கிச் சொல்ல உட்கார்ந்தபோதுதான் என் வாழ்க்கையில் அது எவ்வளவு தூரம் உண்மையாயிற்று என்ற கேள்வி எழுந்தது.

என் கதை சிறியது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் என் விசுவாச வாழ்க்கையில் வெளியே தெரியும் குறை எதுவும் இருக்கவில்லை. ஆராதனைக்குத் தவறியதில்லை; வேதத்தை ஆண்டுக்கு ஒரு முறை வாசித்து முடித்துவிடுவேன்; ஜெபிக்கச் சொன்னால் எந்த இடத்திலும் தடுமாறாமல் ஜெபிப்பேன். அந்தத் தடுமாறாமையே ஒரு நோய்க்குறி என்று இப்போது தோன்றுகிறது. பிறகு வேலை போயிற்று. பதினொரு மாதங்கள் வேறு வேலை கிடைக்கவில்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு விடியற்காலையில் முழங்கால் படியிட்டபோது, வழக்கமாக வரும் வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. "ஆண்டவரே, பயமாக இருக்கிறது" என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியாமல் அரை மணி நேரம் இருந்தேன். பல ஆண்டுகளில் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் அருமையான சாட்சியாக இருந்திருக்கும். ஆனால் வேலை கிடைத்தது. ஆறு மாதத்துக்குள் விடியற்கால ஜெபம் வாரத்துக்கு மூன்று நாளாகி, பின் ஒரு நாளாகி, பழைய சரளமான வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. பழைய குருடி கதவைத் திறடி என்பார்களே, அதுதான். துன்பம் ஒரு விசுவாசியை ஆவிக்குரிய மந்தநிலையிலிருந்து மெய்யாகவே நகர்த்துகிறதா, அல்லது தூங்குகிறவன் சத்தம் கேட்டுப் புரண்டு படுப்பதுபோலச் சற்று நேரம் அசைய வைப்பதோடு சரியா? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

---

காகிதக் கப்பல்

சகோதரரே, மந்தநிலை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பாவத்தில் விழுந்தவனுக்குத் தான் விழுந்தது தெரியும். சந்தேகத்தோடு போராடுகிறவனுக்குத் தன் சந்தேகம் தெரியும். மந்தமாகிப்போனவனுக்கு மட்டும் எதுவும் தெரிவதில்லை, ஏனெனில் அவன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்துகொண்டுதான் இருக்கிறான். தாவீது 30-ஆம் சங்கீதத்தில், "நான் ஒருபோதும் அசைக்கப்படுவதில்லை என்று என் வாழ்விலே சொன்னேன்" என்கிறார். அடுத்த வரியிலேயே தம் பர்வதத்தைத் திடமாய் நிறுத்தியவர் கர்த்தர்தான் என்றும் ஒப்புக்கொள்கிறார். அதாவது அவருடைய உபதேசத்தில் பிழை எதுவும் இல்லை. கொடுத்தவரைச் சரியாகவே அறிந்திருந்தார்; ஆனால் கொடுக்கப்பட்டதன்மேல் சாய்ந்திருந்தார்.

எரேமியா 48:11 இதற்குத் தரும் உவமை எனக்கு மிகவும் பிடித்தது. இஸ்ரவேலின் அண்டை நாடான மோவாப் சிறுவயது முதல் சுகமாய் வாழ்ந்தது என்றும், ஒரு பாத்திரத்திலிருந்து மறுபாத்திரத்துக்கு வார்க்கப்படாமல் தன் வண்டல்களின்மேல் அசையாமல் இருந்தது என்றும், அதனால் அதன் ருசி அப்படியே நிலைத்தது என்றும் தீர்க்கதரிசி சொல்கிறார். திராட்சரசத்தை வண்டலோடு அளவுக்கு மீறி விட்டுவைத்தால் கெட்டுவிடும். தெளிந்த ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஊற்றி வண்டலைப் பிரிக்க வேண்டும். செப்பனியா 1:12 இதே வண்டலை எருசலேமுக்குள் காண்கிறது. அங்கே இருந்தவர்கள் கர்த்தர் நன்மை செய்வதுமில்லை, தீமை செய்வதுமில்லை என்று தங்கள் இருதயத்தில் சொல்லிக்கொண்டார்களாம். வாயால் அல்ல, இருதயத்தில். ஆலயத்தில் அவர்கள் வாய் வேறு பாட்டைத்தான் பாடியிருக்கும்.

பாத்திரம் மாற்றுவது ரசத்தோடு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். எதன்மேல் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது என்பதைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது. வேலை போன மூன்றாவது மாதத்தில் உங்களுக்கு நடந்தது அதுவே. சரளம் கீழே தங்கிவிட்டது, பயம் மேலே வந்தது. அந்தப் பயம் பத்து ஆண்டுகளாக உள்ளேதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

---

கூர்நோக்கு

உவமை அழகாக இருக்கிறது. ஆனால் துன்பத்துக்கு இவ்வளவு நற்பெயர் கொடுப்பதற்கு முன் வேதமே அதைப்பற்றிச் சொல்லும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆமோஸ் 4-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். பஞ்சம், மழையின்மை, பயிர்களில் கருகலும் விஷப்பனியும், கொள்ளைநோய், கவிழ்க்கப்பட்ட பட்டணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றின் முடிவிலும் "ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பவில்லை" என்ற ஒரே வாக்கியம் ஐந்து முறை வருகிறது. துன்பம் தானாகவே மனிதரைத் தேவனிடம் திருப்பும் என்றால் அந்த அதிகாரம் இரண்டாவது வாக்கியத்தோடு முடிந்திருக்கும். பார்வோனுடைய கதையும் அப்படியே. தவளைகள் இருந்தவரை மோசேயிடம் கெஞ்சினான். இலகுவுண்டாயிற்று என்று கண்டதும் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டான். அத்திமர நிழல் அவர்களே, பார்வோனோடு உங்களை ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். ஒப்பிட்டால் நானும் அதே வரிசையில்தான் நிற்கிறேன்.

விதைப்பவனின் உவமையில் கற்பாறை நிலத்து விதை எதனால் பட்டுப்போயிற்று? உபத்திரவத்தாலும் துன்பத்தாலும் என்று இயேசுவே விளக்கம் சொல்கிறார். முள் நிலத்தில் விதையை நெருக்கிப்போட்டவை உலகக் கவலையும் ஐசுவரியத்தின் மயக்கமும். ஆக, சுகமும் கொல்லும், துன்பமும் கொல்லும். நல்ல நிலத்தில் கதிர் முற்றுவதற்குக் காரணமான அதே வெயில்தான் பாறைமேல் முளைத்ததைத் தீய்த்தது. சுடச்சுடப் பொன் ஒளிரும் என்று நாம் சொல்லிவருகிறோம், உண்மைதான். ஆனால் வைக்கோலும் அதே நெருப்பில்தான் போடப்படுகிறது.

சபை வரலாற்றில் இதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. கி.பி. 249-இல் ஆட்சிக்கு வந்த ரோமப் பேரரசர் டேசியஸ், குடிமக்கள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்கான சான்றிதழும் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகவே கிடைத்துள்ளன. அதற்குமுன் பல ஆண்டுகள் சபைக்குப் பெரும்பாலும் அமைதியான காலம். அப்போது வட ஆப்பிரிக்க நகரான கார்த்தேஜின் ஆயராக இருந்த சிப்ரியான், அந்த நீண்ட அமைதி சபையின் ஒழுங்கைக் கெடுத்துவிட்டது என்றும், படுத்து உறங்கிக்கொண்டிருந்த விசுவாசத்தைத் தேவன் இந்தச் சோதனையால் எழுப்பினார் என்றும் பின்னாளில் எழுதினார். சொந்த மந்தையை விட்டுவிட்டு வேறு மாகாணங்களில் வியாபாரம் தேடி அலைந்த ஆயர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. இதுவரை உங்கள் கருத்துக்கு அவர் சாட்சிதான். ஆனால் அதே மனிதர்தான் இன்னொன்றையும் பதிவு செய்கிறார். ஆணை வந்ததும் விசுவாசிகள் பலர், யாரும் பிடித்து இழுக்கும் முன்பே, தாங்களாகவே நகரச் சதுக்கத்துக்கு ஓடிப்போய்ப் பலியிட்டார்கள். உறங்கியவர்கள் எழுந்தார்கள், எழுந்து வேறு திசையில் ஓடினார்கள்.

---

மெழுகுவர்த்தி

நான் கத்தோலிக்கத் திருஅவையைச் சேர்ந்தவள். என் சொற்கள் சில உங்களுக்குப் பழக்கமற்றவையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூவரும் எழுதியதை மதிப்போடு வாசித்தேன். ஆனால் இந்த உரையாடலில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மகன் நான்கு ஆண்டுகள் நோயோடு இருந்தான். அவனைப் பார்க்க வந்தவர்களில் நல்லவர்கள், செபிக்கிறவர்கள், என்மேல் உண்மையான அன்புள்ளவர்கள் பலர், "கடவுள் உங்களுக்கு எதையோ கற்றுத்தருகிறார்" என்றார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், முன்பெல்லாம் நான் செபத்தில் இவ்வளவு ஊக்கமாக இருந்ததில்லையே, பார்த்தீர்களா என்றார். அவர் சொன்னது தகவலாகச் சரிதான். நான் முன்பைவிட அதிகமாகச் செபித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தோன்றியது இதுதான்: என் மந்தநிலைக்கு மருந்தாக என் பிள்ளையின் உடலைக் கடவுள் பயன்படுத்துகிறார் என்றால், அந்தக் கடவுளிடம் நான் எப்படிப் பேசுவேன்? ஓராண்டு காலம் அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கும் அவருக்கும் நடுவே நின்றது. நோய்கூட அவ்வளவு பிரிக்கவில்லை.

யோபு மந்தமானவர் அல்லர். நூலின் முதல் வசனமே அவரைக் குற்றமற்றவர், நேர்மையானவர் என்கிறது. அவருடைய நண்பர்கள்தாம் துன்பத்துக்கு ஒரு பாடத்திட்டம் வகுத்துக்கொண்டு வந்தார்கள். இறுதியில் ஆண்டவர் சினம் கொண்டது அவர்கள்மேல்தான். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் இல்லை, இவருடைய பெற்றோரும் இல்லை என்று இயேசு மறுத்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப்பற்றிய பேச்சிலும், இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் கொடிய குற்றவாளிகள் அல்லர் என்றார். மனம் மாற வேண்டும் என்ற எச்சரிக்கையை அவர் கோபுரத்துக்கு அடியில் கிடந்தவர்களிடம் சொல்லவில்லை, அதைப்பற்றிக் கேட்டுக்கொண்டு வெளியே நின்றவர்களிடம்தான் சொன்னார்.

அத்திமர நிழல் அவர்களே, உங்கள் வகுப்பில் நடத்தப் போகும் அந்தத் திருப்பாடல் வரியை இன்னொரு முறை பாருங்கள். "எனக்கு நல்லது" என்றுதான் இருக்கிறது. "உனக்கு நல்லது" என்று இல்லை. அதை எழுதியவர் தம்மைப்பற்றி, நடந்து முடிந்த ஒன்றைப்பற்றி, கடவுளை நோக்கிச் சொல்கிறார். இந்த மூன்றில் எதை மாற்றினாலும் அது வேறு வாக்கியமாகிவிடுகிறது.

---

ஈரமண்

சகோதரி எழுதியதை வாசித்தபின் வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒரு சிறு குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். எருசலேம் சபை சுகமாக ஓரிடத்தில் தங்கிவிட்டதால்தான் தேவன் உபத்திரவத்தை அனுப்பி அதைச் சிதறடித்தார் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஸ்தேவானின் மரணத்தை ஒட்டிப் பெரிய துன்பம் உண்டாயிற்று, அப்போஸ்தலர் தவிர மற்ற யாவரும் யூதேயா, சமாரியா நாடுகளில் சிதறினார்கள், சிதறினவர்கள் எங்கும் போய்ச் சுவிசேஷத்தைப் பிரசங்கித்தார்கள் என்பது வரைதான் லூக்கா சொல்கிறார். 11-ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபையும் இந்தச் சிதறலிலிருந்துதான் பிறக்கிறது. விளைவு எழுதப்பட்டிருக்கிறது; அந்தச் சபை மந்தமாயிருந்தது என்ற காரணத்தை நாம்தான் பின்னால் சேர்த்தோம். ஸ்தேவானைப் பக்தியுள்ள மனிதர் அடக்கம்பண்ணி, அவருக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று இடையில் ஒரு வசனம் வருகிறது. அந்த அழுகையை லூக்கா தாண்டிப் போகவில்லை. பிரசங்கங்களில் நாம் தாண்டிவிடுகிறோம்.

---

அத்திமர நிழல் (இழையைத் தொடங்கியவர்)

மெழுகுவர்த்தி சகோதரிக்கு என் நன்றியும் வருத்தமும். என் துன்பம் வேலையிழப்பு. அது திரும்பக் கிடைக்கக்கூடிய ஒன்று. அதை வைத்துக்கொண்டு எல்லாத் துன்பத்துக்கும் விதி எழுதப் புறப்பட்டது தவறு என்று உணர்கிறேன். எங்கள் வகுப்பிலும் இந்த ஆண்டு துணைவரை இழந்த ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். நான் அவரை மனத்தில் வைத்து ஒரு வரிகூடத் தயாரிக்கவில்லை என்பது நீங்கள் எழுதிய பிறகுதான் தெரிந்தது.

இருந்தாலும் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. என் விஷயத்தில் நான் மந்தமாகத்தான் இருந்தேன்; துன்பம் என்னை எழுப்பத்தான் செய்தது; பிறகு நான் மறுபடியும் உறங்கினேன். கூர்நோக்கு சொன்ன பாறை நிலம் நான்தானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

கூர்நோக்கு

பாறை நிலமா நல்ல நிலமா என்று அறுவடைக்கு முன்பே தீர்ப்பெழுத நமக்கு அதிகாரம் இல்லை. நான் கார்த்தேஜ் கதையைப் பாதியில் நிறுத்தியது அநியாயம், மீதியையும் சொல்கிறேன். பலியிட்டு விழுந்துபோனவர்களை என்ன செய்வது என்று சபை பெரும் குழப்பத்தில் ஆழ்ந்தது. அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று ரோமில் நொவாசியான் என்ற குரு தனி அணி கண்டார். கார்த்தேஜில் கி.பி. 251-இல் கூடிய ஆயர்கள் அவரவர் விழுந்த விதத்துக்கேற்ப நீண்ட மனந்திரும்புதலை விதித்து, கதவைத் திறந்து வைத்தார்கள். முதல் போரில் தோற்று, இரண்டாம் முறை அதே நெருப்பில் நின்று வென்ற கஸ்துஸ், எமிலியுஸ் என்ற இருவரைச் சிப்ரியான் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். சிப்ரியானே 250-இல் தலைமறைவாகி, அதற்காகப் பலருடைய ஏச்சைக் கேட்டவர்தான். 258-இல் தலைவெட்டப்பட்டு மரித்தார். ஒருவர் முதல் துன்பத்தில் என்ன ஆனார் என்பதைமட்டும் வைத்து அவர் கணக்கை முடித்துவிட முடியாது.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமாக இருப்பது, குளிருமில்லாமல் அனலுமில்லாமல் இருப்பதாக வெளிப்படுத்தல் நூல் கடிந்துகொள்ளும் லவோதிக்கேயா சபை. வெதுவெதுப்பு என்றதும் எல்லோரும் அந்தச் சபையைத்தான் சொல்வோம். ஆனால் அந்த ஊர் துன்பமே காணாத ஊர் அல்ல. கி.பி. 60-ஐ ஒட்டி அங்கே பெரிய பூமியதிர்ச்சி ஏற்பட்டது. ரோமின் உதவியை வாங்காமல் தன் சொந்தச் செல்வத்தாலேயே அந்நகரம் மீண்டெழுந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். பண வியாபாரத்துக்கும் கறுப்புக் கம்பளிக்கும் பெயர்பெற்ற ஊர், அதனால் முடிந்தது. இப்போது வெளிப்படுத்தல் 3:17-ஐ வாசியுங்கள்: "எனக்கு ஒரு குறைவுமில்லை." ஒரு பேரழிவிலிருந்து தானாகவே எழுந்து நின்ற ஊரின் குரல் அது என்றே எனக்குக் கேட்கிறது. துன்பம் வந்தது, போனது. போனபின் அந்த மீட்சியை அவர்கள் தங்கள் பெயரில் வரவு வைத்துக்கொண்டார்கள். ஆகவே துன்பம் மந்தநிலையை உடைக்கும் என்பதுபோலவே, கடந்துவந்த துன்பம் மந்தநிலைக்கு அஸ்திவாரமாகவும் ஆகலாம். "நான் பார்க்காத கஷ்டமா" என்று சொல்லும் விசுவாசியை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். அவரை அசைப்பது மிகவும் கடினம்.

யூதாவின் அரசர் எசேக்கியாவும் அப்படித்தான் தடுமாறினார். மரணத்துக்கு ஏதுவான வியாதியில் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுதவர், சுகமானபின் பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குத் தம் பொக்கிஷசாலை முழுவதையும் காட்டினார். அவருக்குச் செய்யப்பட்ட உபகாரத்துக்குத் தக்கதாய் அவர் நடவாமல் மனமேட்டிமையானார் என்று இரண்டாம் நாளாகமம் 32 நேராகவே சொல்லிவிடுகிறது.

---

காகிதக் கப்பல்

லவோதிக்கேயாவின் பூமியதிர்ச்சியை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. என் வண்டல் உவமையைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். பாத்திரம் மாற்றிய பிறகும் ரசத்தில் புதிய வண்டல் படியும். ஒரு முறை மாற்றிவிட்டால் போதும் என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு "அமேசிங் கிரேஸ்" பாடலை எழுதிய ஆங்கிலேயர் ஜான் நியூட்டன் நினைவுக்கு வருகிறார். 1748 மார்ச் 21 அன்று அட்லாண்டிக் கடலில் கப்பல் மூழ்கும் நிலைக்கு வந்தபோது அவர் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளை வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார். நாம் கதையை இங்கே நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அந்தப் புயலுக்குப் பின்னும் 1754 வரை அவர் அடிமை வியாபாரக் கப்பல்களில் சென்றார். அவற்றின் தலைவராகவே பயணம் செய்தார். மனிதரை விலங்கிட்டு அடித்தளத்தில் அடைத்துவிட்டு மேல்தளத்தில் ஆராதனை நடத்தியிருக்கிறார். 1764-இல் குருவானார். அந்த வியாபாரத்தை வெளிப்படையாகக் கண்டித்து அவர் துண்டுநூல் வெளியிட்டது 1788-இல். புயலடித்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. புயல் அவரை எழுப்பியதா? எழுப்பியது. எவ்வளவு தூரம்? தம் உயிரைப்பற்றி விழித்துக்கொண்டார். கப்பலின் அடித்தளத்தில் இருந்தவர்களின் உயிரைப்பற்றி விழிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அந்த மிச்சத்தைப் புயல் செய்யவில்லை. வாசிப்பும், நண்பர்களின் கடிந்துகொள்ளுதலும், ஊழியத்தில் தினமும் மனிதரைச் சந்தித்ததுமே செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

---

மெழுகுவர்த்தி

உரோமையர் 5-ஐப்பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே என்று பார்த்தேன். உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்று இருக்கிறது. பரீட்சை என்றதும் நமக்குத் தேர்வுக்கூடமும் மதிப்பெண்ணும் நினைவுக்கு வந்துவிடுகின்றன; கடவுள் வினாத்தாள் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்க்கிறார் என்பதுபோல. மூலமொழியில் அங்குள்ள சொல் "டொக்கிமே". சோதித்துத் தேறிய தன்மையை, அதாவது புடமிட்டுப் பார்த்தபின் இது மாற்றுக் குறையாதது என்று தெரியவரும் தரத்தை, அது குறிக்கிறது. எங்கள் பொது மொழிபெயர்ப்பில் அதைத் தகைமை என்று சொல்லியிருக்கிறார்கள். துன்பம் என்பதற்குப் பவுல் பயன்படுத்தும் சொல்லுக்கும் நெருக்குதல், அழுத்துதல் என்ற பொருள் உண்டு.

துன்பத்திலிருந்து நேராக நம்பிக்கைக்கு ஒரே தாவலில் பவுல் போகவில்லை என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. நடுவில் மனவுறுதி இருக்கிறது, தகைமை இருக்கிறது. இரண்டும் நாள்பட்டு வருபவை. அவரே ஆசியாவில் தமக்கு நேர்ந்த துன்பத்தைப்பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று முதலில் சொல்லிவிட்டுத்தான், தங்கள்மேல் அல்ல, இறந்தோரை உயிர்த்தெழச் செய்யும் கடவுள்மேல் நம்பிக்கை வைப்பதற்கே அது நிகழ்ந்தது என்கிறார். முதல் வாக்கியத்தை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்கிறவர்களால்தான் நோயாளியின் படுக்கையருகே இவ்வளவு காயம் ஏற்படுகிறது.

என்னைக் கேட்டால், என் மகன் போனபின் நான் பழைய மந்தநிலைக்குத் திரும்பவில்லை. ஆனால் அதை ஆதாயம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இழப்பும் அப்படியே இருக்கிறது, ஆண்டவரும் இருக்கிறார். ஒன்றை வைத்து மற்றொன்றை நேர்செய்ய நான் இப்போது முயல்வதில்லை.

---

ஈரமண்

சகோதரி, உங்கள் கடைசி வரிகளுக்குப் பதில் எழுதத் துணியவில்லை. வாசித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அத்திமர நிழல் அவர்களின் கேள்வியில் ஒரு பகுதி இன்னும் தொடப்படாமல் இருக்கிறது. துன்பம் நீங்கிய பிறகு என்ன செய்வது? நம்முடைய பிரசங்கங்கள் உபத்திரவத்தில் எப்படி நடந்துகொள்வது என்று நிறையச் சொல்கின்றன. அது விலகிய மறுநாள் காலையைப்பற்றிப் பேசுவதே இல்லை. மோசேயின் நியாயப்பிரமாணம் அந்தக் காலையைப்பற்றித்தான் மிகவும் கவலைப்படுகிறது. உபாகமம் 8-இல் அவர் அஞ்சுவது வனாந்தரத்தை அல்ல. புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருந்து, ஆடுமாடுகள் பெருகும்போது, "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தைச் சம்பாதித்தது" என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளும் நாளைத்தான். லவோதிக்கேயாவுக்கு முன்பே எழுதப்பட்ட லவோதிக்கேயா.

அதற்கு நியாயப்பிரமாணம் தரும் ஏற்பாட்டைப் பாருங்கள். களஞ்சியத்திலும் ஆலையிலும் விளைச்சல் சேர்ந்தபின், வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கும் காலத்தில், ஏழு நாள் வீட்டை விட்டு இறங்கிக் கூடாரங்களில் குடியிருக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 23. எகிப்திலிருந்து புறப்பட்டவர்கள் கூடாரங்களில் வாழ்ந்ததைப் பின்சந்ததி அறியும்படியாக. முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன், கூடையை வைத்துவிட்டுத் தன் தகப்பன் அழிவுக்கு நேரான சீரியனாயிருந்ததிலிருந்து தொடங்கி, எகிப்தின் அடிமைத்தனத்தையும் கூக்குரலையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறது உபாகமம் 26. அந்தச் சொற்களைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் எகிப்தைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். இன்னொரு துன்பத்தை அனுப்பி நினைவூட்டுவதற்குப் பதிலாக, நினைவையே ஒரு கடமையாக்கிச் சுகத்தின் நடுவில் நட்டுவைத்திருக்கிறார் தேவன். நமக்குள் உபவாசமும் பாவ அறிக்கையும் திருவிருந்தும் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும். செய்கின்றனவா என்பதை அவரவர் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆகவே சகோதரரே, வேலை கிடைத்தபின் உங்கள் ஜெபம் மெலிந்தது வியப்பல்ல. பயம் என்ற ஒரே தூணில் அது நின்றது. பயம் போனதும் சாய்ந்தது. அந்த மூன்றாவது மாதத்து அரை மணி நேரத்தை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

---

அத்திமர நிழல் (இழையைத் தொடங்கியவர்)

எழுதி வைக்கவில்லை. இந்த இழையின் முதல் பதிவில்தான் அதை முதன்முறையாக எழுதினேன்; நேற்று அதை ஒரு நோட்டில் கையால் பெயர்த்தெழுதினேன். தேதி நினைவில்லை, ஆகவே மாதத்தை மட்டும் போட்டிருக்கிறேன். வேலை போன நாளை எங்கள் வீட்டில் இனி ஆண்டுதோறும் உபவாச நாளாக வைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். வேலை கிடைத்த நாளுக்கு விருந்து வைத்தோமே, அதற்கு முந்தின நாளை வைத்துக்கொள்ளலாம் என்றார். அதுவே சரியென்று எனக்கும் படுகிறது.

வகுப்பைப்பற்றி: போதகரிடம் பேசினேன். 65 முதல் 72 வரை உள்ள வசனங்களை நான் விளக்கப் போவதில்லை என்று சொன்னதும் முதலில் அவருக்குப் புரியவில்லை. அந்தப் பகுதியை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும், அதன்பின் 88-ஆம் சங்கீதத்தையும் முழுவதுமாக வாசிப்போம், "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அது முடியும் இடத்தில் நாமும் நிறுத்திவிடுவோம் என்றேன். பிறகு என் பதினொரு மாதத்தையும், அதற்குப் பிந்திய ஆறு மாதத்தையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். மற்றவர்களிடம் எதுவும் கேட்கமாட்டேன். சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்.

மெழுகுவர்த்தி சகோதரிக்கு ஒரு கேள்வி, விருப்பமிருந்தால் மட்டும் பதில் தாருங்கள். முதல் வரிசையில் உட்காரும் அந்தச் சகோதரியிடம், 71-ஆம் வசனம் வாசிக்கப்படப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லதா?

---

மெழுகுவர்த்தி

சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள். உடன் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் அன்று வர விரும்பவில்லை என்றால் காரணம் கேட்காதீர்கள்.